தலையாட்டலை நம்பாதீர்கள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளிக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வது எப்படி

மருந்து ஜன்னலில் நின்று "இசக்கியம்மாள்!" என்று கூப்பிட்டால் எங்கள் ஊரில் மூன்று பேர் எழுந்து வருவார்கள். காது மந்தமான இன்னோர் ஆச்சியும் அவர்களோடு சேர்ந்து வந்துவிடுவார். தாமிரபரணிக் கரையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 24 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். இசக்கி, சுடலைமுத்து, பேச்சியம்மாள், நெல்லையப்பன், காந்திமதி என்ற பெயர்களில் ஒன்றுகூட இல்லாத பக்கத்தை எங்கள் பதிவேட்டில் நான் பார்த்ததில்லை.

நோயாளிக்கு நேரும் தீங்கு என்றதும் பெரிய ஆஸ்பத்திரியின் அறுவை அரங்கைத்தான் பலரும் நினைக்கிறார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் அது சத்தமில்லாமல் நடக்கும். மாத்திரை மாறியிருக்கும். வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, மறுநாள் வயலில் மயங்கி விழுவார். வெயில் தாங்கவில்லை என்று ஊர் சொல்லும். அந்தச் செய்தி நம் ஜன்னலுக்கு வந்தே சேராது. புதிதாகப் பணியில் சேரும் மருந்தாளுநர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீட்டில் முதியவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி ஒரே காரியத்தைப் பற்றியது: எதிரில் இருப்பவர் தலையாட்டிவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். அவர் வாயால் சொல்ல வேண்டும்.

பெயரை அவரே சொல்லட்டும்

"நீங்கள்தானே இசக்கியம்மாள்?" என்று கேட்காதீர்கள். விடிகாலை பஸ்ஸைப் பிடித்து வந்து, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று கால் கடுக்கும் ஒருவர், நாம் எந்தப் பெயரைச் சொன்னாலும் "ஆமாம்" என்பார். "உங்கள் பெயர் என்ன தாயி?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் சீட்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

பெயர் மட்டும் போதாது. இரண்டாவது அடையாளம் ஒன்று வேண்டும். வயதைக் கேட்டுப் பயனில்லை. எங்கள் பக்கத்து முதியவர்களுக்கு ஆண்டுக்கணக்காக "அறுபது இருக்கும்". கணவர் பெயரைக் கேட்டால் பழைய ஆச்சிமார் சொல்ல மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார்கள். புதிதாக வந்த ஒரு செவிலியர் இதை அறியாமல் மூன்று முறை அதட்டிக் கேட்க, அந்த ஆச்சி மருந்தே வாங்காமல் போய்விட்டார். "மூத்த பிள்ளை பெயர் என்ன ஆச்சி? எந்தத் தெரு?" என்று கேளுங்கள். உடனே சொல்வார்கள், பேரன் பெயரையும் சேர்த்து. பதிவுச் சீட்டு எழுதும்போதே தெருவையும் பிள்ளை பெயரையும் ஓர் ஓரத்தில் குறித்துக்கொண்டால் பிறகு ஊசி அறை, மருந்து ஜன்னல், ஆய்வகம் எல்லா இடத்திலும் அது பயன்படும்.

ஆய்வகத்தில் ஒரு பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். வரிசையில் இருப்பவர்களின் பெயர்களை ஒட்டி, குழாய்களை முன்கூட்டியே அடுக்கி வைப்பார்கள். நடுவில் ஒருவர் கழிப்பறைக்குப் போனால் அடுத்தவர் ரத்தம் இவர் பெயரில் விழும். ரத்தம் எடுத்தபின், அவர் எதிரிலேயே, அவர் பெயரைக் கேட்டு ஒட்டுங்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். பெயர் மாறுவது அந்தத் திங்கட்கிழமையில்தான்.

மருந்து: திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. எட்டு கிலோ எடையுள்ள ஒரு கைக்குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் அந்தக் குழந்தைக்கு 5 மில்லி சரியான அளவு. "ஒரு வேளைக்கு 5 மில்லி" என்றேன். இளம் தாய் தலையாட்டினாள். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

வீட்டில் நான் கொடுத்த பாட்டில் கைதவறி உடைந்துவிட்டது. அலமாரியில் முன்பு கடையில் வாங்கிய பாராசிட்டமால் சொட்டு மருந்து இருந்தது. அதே பெயர், அதே படம். அது ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள மருந்து. அவள் என் சொல் தவறாமல் 5 மில்லி கொடுத்தாள். 125 மில்லிகிராம் போக வேண்டிய வயிற்றுக்குள் ஒவ்வொரு வேளையும் 500 மில்லிகிராம் போனது. மூன்று வேளை. நான்காவது வேளைக்கு முன் குழந்தை வாந்தி எடுத்ததால் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கையில் அந்தச் சொட்டு மருந்துப் பாட்டில். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு 108-இல் அனுப்பினோம். அங்கே வைத்துப் பார்த்து, நல்லபடியாக அனுப்பினார்கள். அந்தத் தாய் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "நீங்கள் சொன்ன அளவைத்தானே சார் கொடுத்தேன்?" அவள் சொன்னது சரி. எந்தப் பாட்டிலில் 5 மில்லி என்று நான் சொல்லவில்லை. அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று நான் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து என் ஜன்னலில் இப்படித்தான். சிரப் பாட்டிலைக் கொடுத்து, அதன் அளவு மூடியில் உள்ள கோட்டைப் பேனாவால் குறித்து, "வீட்டில் எப்படிக் கொடுப்பாய், எனக்குச் செய்து காட்டு" என்பேன். தாய் மூடியை எடுத்து, கோட்டைப் பார்த்து, கண் மட்டத்துக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். சமையலறைக் கரண்டி கூடாது. ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஓர் அளவு. பிறகு, "வீட்டில் வேறு காய்ச்சல் மருந்து இருக்கிறதா?" என்ற கேள்வி. "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான், அது தலையாட்டல்.

பெரியவர்களுக்கும் இதே முறை. "இதில் பிரஷர் மாத்திரை எது அண்ணாச்சி? எப்போது சாப்பிடுவீர்கள்?" அவர் எடுத்துக் காட்டட்டும். அரசு வழங்கும் மாத்திரைகளில் நிறமும் அட்டையும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி வரும். போன மாதம் இளஞ்சிவப்பாக வந்த மாத்திரை இந்த மாதம் வெள்ளையாக வரலாம். நிறத்தை வைத்து மருந்தை அடையாளம் சொல்லிக் கொடுக்காதீர்கள். நிறம் மாறும் நாளில் அது தப்பாகப் போகும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் அட்டையின் பின்பக்கம் சூரியனும் பிறையும் வரைந்து தருகிறேன். சாப்பாட்டுக்கு முன் என்றால் வெறும் தட்டு, பின் என்றால் சோறு வைத்த தட்டு.

அட்டையைக் கத்தரிப்பதில் ஒரு கவனம். பத்து மாத்திரை அட்டையில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் ஒரு முனையில்தான் இருக்கும். மறுமுனையிலிருந்து கத்தரியுங்கள், தேதி உள்ள துண்டு கடைசி வரை உங்கள் கையில் இருக்க வேண்டும். பெயரில்லாத துண்டு யாருக்குப் போகிறதோ அவருக்குக் காகித உறையில் போட்டு மேலே எழுதிக் கொடுங்கள். நாலு மருந்தை ஒரே உறையில் போட்டுக் கொடுப்பதை நான் இப்போதும் சில இடங்களில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

மஞ்சப்பை

எங்கள் நோயாளிகளில் பலர் இரண்டு இடத்தில் வைத்தியம் பார்ப்பவர்கள். மாதம் ஒருமுறை எங்களிடம், எப்போதாவது டவுனில் ஒரு தனியார் மருத்துவரிடம். அங்கே எழுதிக் கொடுக்கும் மாத்திரைக்குக் கம்பெனிப் பெயர். இங்கே கொடுப்பதற்கு மருந்துப் பெயர். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் சாப்பிடுவார்கள். கிளிமிபிரைடு மாதிரியான சர்க்கரை மாத்திரை இரட்டிப்பாகப் போனால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும்: வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல். குடித்துவிட்டார் என்று நினைத்து ஓரமாகப் படுக்க வைத்த ஒருவரை, சந்தேகப்பட்டு விரலில் குத்திப் பார்த்துக் காப்பாற்றியிருக்கிறோம்.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, "வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வாருங்கள்" என்று சொல்லுங்கள். முறுக்கு டப்பாவில் இருப்பது, மருமகள் கொடுத்தது, வைத்தியர் பொட்டலம், பெட்டிக்கடையில் வாங்கிய வலி மாத்திரை எல்லாம். மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக "இது எதற்கு?" என்று அவரிடமே கேளுங்கள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் முதுகுவலிக்கும் கைவலிக்கும் டைக்குளோபினாக் மாத்திரையைத் தினமும் போடுகிறார்கள். அதை மருந்தென்றே கணக்கில் சேர்ப்பதில்லை. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேட்டால்தான் சொல்வார்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபின் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போகிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: மாத்திரையை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

விரதத்தைப் பற்றியும் கேளுங்கள். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடந்து திருச்செந்தூர் போகிறவர்களும் ரமலான் நோன்பு இருப்பவர்களும் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டால் ஆபத்து. விரதம் இருக்காதே என்று சொன்னால் நம்மிடம் மறைப்பார்கள். "எப்போது தொடங்குகிறீர்கள், என்ன சாப்பிடுவீர்கள்?" என்று முன்கூட்டியே கேட்டு, மருத்துவரிடம் அழைத்துப் போய் அளவை மாற்றி வாங்குங்கள். மயக்கம் வரும்போல இருந்தால், விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். மாத்திரையின் வேகம் உடலில் இருக்கும்வரை சர்க்கரை மறுபடி இறங்கும்.

இன்சுலின் போடுகிறவர்களின் சிரிஞ்சையும் அந்தப் பையிலிருந்து எடுத்துப் பாருங்கள். நம் குப்பிகளில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி 100 யூனிட் குப்பிக்கானது. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும்.

உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் செப்டம்பர் 17-ஐ நோயாளி பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கச் சொல்கிறது. 2023-இல் அதன் கருப்பொருள், நோயாளிகளையும் இதில் பங்கேற்கச் செய்வது. அந்த ஆண்டு ஜன்னலுக்கு மேல் ஒரு பலகை எழுதி மாட்டினோம்: "இது எதற்கு? எவ்வளவு? எத்தனை நாள்? கேட்காமல் போகாதீர்கள்." முதலில் கேட்கத் தொடங்கியவர்கள் பீடி சுற்றும் பெண்கள்தான். கூலிக் கணக்கில் ஒரு கட்டுக் குறைந்தாலும் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

எண்ணைச் சொல்லும்போதும் எழுதும்போதும்

மருத்துவர் தொலைபேசியில் மருந்து சொன்னால் எழுதி, அவருக்கே திருப்பிப் படியுங்கள். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் காதுக்கு ஒன்றுபோல விழும். "ஒன்று, ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். அரை மில்லியை 0.5 என்று சுழியோடு எழுதுங்கள். புள்ளி மட்டும் வைத்தால் மங்கிய மையில் 5 ஆகிவிடும். 5.0 என்று எழுதாதீர்கள், அது 50 ஆகும். யூனிட் என்பதை U என்று ஓர் எழுத்தில் சுருக்காதீர்கள். அந்த எழுத்து சுழியாகத் தெரிந்து பத்து மடங்கு போன கதைகள் உலகமெங்கும் உண்டு.

புதன்கிழமை

புதன்கிழமைதான் எங்களுக்குத் தடுப்பூசி நாள். தடுப்பூசிக் குளிர்பெட்டியில் தடுப்பூசியையும் அதைக் கலக்கும் திரவத்தையும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. மோர் பாட்டிலும் கூடாது, வேறு மருந்தும் கூடாது. 2014 செப்டம்பரில் சிரியாவில் இத்லிப் பகுதியில், தட்டம்மைத் தடுப்பூசியைக் கலக்க, அதே குளிர்பெட்டியில் இருந்த தசை தளர்த்தும் மயக்க மருந்தை எடுத்துவிட்டார்கள். குறைந்தது 15 குழந்தைகள் இறந்தன. புதன்கிழமை காலையில் பெட்டியைத் திறக்கும்போது அந்த எண் எனக்கு நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. கலக்கும் முன் குப்பியையும் திரவத்தையும் இருவர் வாய்விட்டுப் படியுங்கள். தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியும் காசநோய்க்கான பி.சி.ஜி.யும் கலக்கியபின் நான்கு மணி நேரத்தில் கொட்டப்பட வேண்டியவை. கலக்கிய நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுதுங்கள்.

வெப்பம் 2 முதல் 8 டிகிரி. காலை, மாலை இரண்டு வேளையும் பார்த்துக் குறிக்க வேண்டும், பொங்கலன்றும்தான். 2023 டிசம்பர் 17, 18-ஆம் தேதிகளில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் வெள்ளம் வந்து மின்சாரம் நின்றபோது எல்லாரும் பெட்டியைத் திறந்து பார்க்கத் துடித்தார்கள். மூடி மேல் "திறக்காதே" என்று எழுதி ஒட்டினேன். மூடியிருக்கும் வரைதான் குளிர் நிற்கும்.

ஊசி போட்டபின் அரைமணி நேரம் குழந்தை நம் கண்ணெதிரில் இருக்க வேண்டும். "இருங்கள்" என்றால் தாய்மார் தலையாட்டிவிட்டு, பஸ் சத்தம் கேட்டதும் போய்விடுவார்கள். எங்கள் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் கண்டுபிடித்த வழி: தடுப்பூசி அட்டையை அரைமணி கழித்துத்தான் கையில் கொடுப்பார். கொடுக்கும்போது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய், அடுத்து எப்போது வருவாய் என்று கேட்டுப் பதிலை வாங்கிக்கொண்டு அனுப்புவார். ஒவ்வாமை வந்தால் வேண்டிய அட்ரினலின் ஊசி, பூட்டிய பீரோவில் இருந்தால் இல்லாததற்குச் சமம். மேசை மேல் இருக்கட்டும். வயதுவாரியான அளவு அட்டையை அதன் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

பாம்புக்கடி

கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களிலும் எங்களுக்கு இது வழக்கம். விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்திருக்கிறதா என்று பார்க்கும் இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனைக்கு உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக் ஆகாது. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. உறையும் ரத்தம் உறையாததுபோல் காட்டும். பத்துப் புதுக் குழாய்களை இதற்கென்று தனியாக ஒரு டப்பாவில் வையுங்கள். நடுவில் ஆட்டிப் பார்க்காமல், இருபது நிமிடம் கழித்து ஒரே முறை சாய்த்துப் பாருங்கள்.

கட்டு விரியன் கடித்தால் பல நேரம் தடமே தெரியாது, ரத்தமும் சாதாரணமாக உறையும். விடிகாலையில் வயிற்றுவலி என்றும் தொண்டை அடைக்கிறது என்றும் வருவார்கள். "ராத்திரி எங்கே படுத்தீர்கள்? தரையிலா, கட்டிலிலா?" என்று கேளுங்கள். தரையில் பாய் விரித்துப் படுத்தவர், கண் இமை தொங்குகிறது என்றால் அல்சர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்து ஏற்றும் முன் அட்ரினலினைச் சிரிஞ்சில் இழுத்துப் பெயர் ஒட்டி வையுங்கள். மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது கடித்த நேரம், மருந்து தொடங்கிய நேரம், எத்தனை குப்பி என்பதை எழுதிக் கொடுத்து, 108 பணியாளரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

கை கழுவுவதையும் ஊசியை மறுபடி மூடாமல் இருப்பதையும் எல்லாரும் படித்திருப்பீர்கள். செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் குழாயும் ஊசி வெட்டியும் எட்டடி தள்ளி இருப்பதே. கைக்கெட்டும் இடத்துக்கு மாற்றுங்கள்.

தப்பிய தவறுகள் நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று. நடந்த தவறும், நடக்க இருந்து தப்பியதும் அதில் வரும். மூன்று வரிதான்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, எதை மாற்றினோம். யார் செய்தார் என்ற வரி கிடையாது. முதல் ஆறு மாதம் நோட்டு வெறுமையாகவே கிடந்தது. பிறகு வந்த மருத்துவ அலுவலர் ஒருநாள் எல்லார் எதிரிலும் அமர்ந்து, முந்தின நாள் தாம் அடுத்தவர் சீட்டில் மருந்து எழுதிவிட்டதைத் தம் கையால் எழுதினார். அந்த வாரமே மேலும் நான்கு பதிவுகள் வந்தன. உங்கள் நிலையத்தில் தொடங்குவதாக இருந்தால் முதல் பதிவு மருத்துவருடையதாக இருக்கட்டும். மாதக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். அதை வைத்து யாருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போகாது என்று மருத்துவர் வாயால் சொல்லட்டும். ஒருமுறை போய்விட்டால் நோட்டு அன்றோடு மூடிவிடும்.

எங்கள் துப்புரவுப் பணியாளருக்கு எழுதத் தெரியாது. பிரசவ அறை வாசல் குழாயடியில் கர்ப்பிணிகள் வழுக்குகிறார்கள் என்று அவர் சொல்ல, நான் எழுதினேன். சாக்கு விரித்தோம். பத்து நாள் கழித்து, "சார், சாக்கு நனைந்து அதுவே இப்போது வழுக்குகிறது, அதையும் எழுதுங்கள்" என்று வந்து நின்றார். எழுதினேன். அந்த மாதம் கொத்தனாரை வைத்து அந்த இடத்துச் சிமெண்டைச் சொரசொரப்பாகக் கொத்திவிட்டோம்.